தாம்பூலத் தட்டில் ஒரு சிப்பாய்

அங்க நிக்காதீங்க அக்கா. அந்த ஆளு இப்பத்தான் சாம்பார்ல கை வச்சிருக்காரு. அவருக்குப் பின்னாடி நின்னா அடுத்த பந்தியும் போயிரும். இப்படி வாங்க. இந்தம்மா மோருக்கு வந்துட்டாங்க, பக்கத்துல இருக்கிற மருமகளும் மோருதான். நீங்க அவங்களுக்குப் பின்னாடி, நான் இவங்களுக்குப் பின்னாடி. நாற்காலி முதுகுல கையை வச்சுக்கிடுங்க. கையை எடுத்தா வேற ஆளு வந்து வச்சிருவாங்க. கோவில்பட்டிக் கல்யாணப் பந்தியில இரக்கமே கிடையாது.

தனியாத்தான் நிக்கிறீங்களா? நான் குடும்பத்தோட வந்தேன். எங்க வீட்டுக்காரரு வாசல்ல செருப்பைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. நான்தான் நிக்கச் சொன்னேன். மக இந்துஜா மேடை வரிசையில நிக்கிறா. நீலச் சேலை, பார்த்திருப்பீங்க, நல்ல உசரம். நீயெல்லாம் எதுக்கு மேடைக்குப் போற, சாப்பிட்டுட்டுக் கிளம்புவோம்னேன். ஒரு வேலை இருக்கும்மான்னுட்டா. எங்க வீட்டுல என் பேச்சு என்னைக்கு எடுபட்டிருக்கு? கல்யாணமான நாள்ல இருந்து நான் ஒரு தடவை கூட ஜெயிச்சதில்ல. எல்லாத்துக்கும் விட்டுக் குடுத்தே பழகிப் போச்சு.

நாங்க இந்தக் கல்யாணத்துக்கு வந்ததே பெரிசு அக்கா. இந்த மாப்பிள்ளை இருக்கானே, நவநீதன், இவன் எங்க இந்துஜாவைக் கட்ட வேண்டியவன்.

மெதுவாப் பேசணுமா? எதுக்கு? இதுல மறைக்க என்ன இருக்கு? ஊருக்கே தெரியும். வராம இருந்தாத்தான் தோத்துப் போயி வீட்டுல உக்காந்திருக்கோம்னு பேசுவாங்க. மாப்பிள்ளையோட அம்மா செண்பகவல்லி மதினி நேர்ல வந்து பத்திரிகை வச்சாங்க. அதான் நல்ல பட்டாப் பார்த்துக் கட்டிக்கிட்டு வந்தேன்.

எதனால நின்னு போச்சுன்னு கேளுங்க. நகையால இல்ல. ஜாதகத்தால இல்ல. ஜாதகம் அவ்வளவு பொருத்தம். சிப்பாய்களால நின்னு போச்சு. நம்ம மிலிட்டரிக்காரங்க இல்ல அக்கா. இல்லாத சிப்பாய்ங்க. ஆகாசத்துல இருக்கிற சிப்பாய்ங்க. எனக்கு என்ன தெரியும், எட்டாங்கிளாஸோட நிப்பாட்டிட்டாங்க. ஆனா இதைக் கேட்டா எட்டாங்கிளாஸ் படிச்சவளுக்கே சிரிப்பு வரும்.

மாப்பிள்ளையோட ஆளு பேரு தோரான். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுல வர்றவனாம். எட்டடி உசரம். உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் உலோகச் சட்டை. குண்டு பட்டாத் தெறிச்சு ஓடுமாம். தூங்க மாட்டானாம், பசிக்காதாம், பயமே தெரியாதாம். பசியே இல்லாதவன் எதுக்குச் சண்டைக்குப் போறான்னு கேட்டேன்.

எங்க மகளோட ஆளு மெர்வா. ஒருத்தன் இல்ல, ஒரு பட்டாளத்துக்கே அதுதான் பேரு. அது வேற கதை, வேற புஸ்தகம், வேற கிரகம். இவனுங்க எல்லாம் நம்மளை மாதிரி ஆளுங்க. முடி வெட்டுறவன், தபால்காரன், டீக்கடை வச்சிருந்தவன். பிடிச்சுக் கொண்டு போய் ஆளுக்கு ஒரு துப்பாக்கி, ஆளுக்கு ஒரு மண்வெட்டி குடுத்திருக்காங்க. கதை முடியுறதுக்குள்ள முக்கால்வாசிப் பேரு செத்துருவானாம். இதைப் போய் ஒருத்தி ஆசைப்பட்டுப் படிப்பாளா?

இந்தத் தோரானும் அந்த மெர்வாவும் ஒரு கதையில கூடச் சேர்ந்து வர மாட்டானுங்க அக்கா. பார்த்துக்கிடவே முடியாத ரெண்டு பேரு. இவங்க ரெண்டு பேரும் மோதினா யாரு ஜெயிப்பா? இதுதான் கேள்வி. இதைப் பேசுறதுக்குன்னே போன்ல ஒரு கூட்டம் இருக்கு. ஒருத்தன் எத்தனை பேருக்குச் சமம், யாரு சட்டை கெட்டி, யாரு துப்பாக்கி நீளம். வயசு வந்த ஆம்பளைங்க அக்கா. வேலைவெட்டிக்குப் போறவங்க. எங்க மக ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கிறா. நாலு பேரு உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்ற பிள்ளை.

பொண்ணு பார்க்க வந்த அன்னைக்குத்தான் வெடிச்சுச்சு. நான் கேசரி கிண்டி வச்சிருந்தேன், முந்திரி தாராளமாப் போட்டு. இங்க மேசையில வச்சிருக்கான் பாருங்க ஒரு கேசரி, அது மாதிரி இல்ல. ரெண்டு பேரும் தனியாப் பேசட்டும்னு மொட்டை மாடிக்கு அனுப்பினோம். அப்புறம் மேல இருந்து அவன் கத்துறான்: "நீங்கதானா அந்த மண்வெட்டி?"

அந்தக் கூட்டத்துல எங்க மக வச்சிருந்த பேரு அது. மண்வெட்டி. இவ்வளவு நல்ல பேரு வச்சிருக்கோம், இந்துஜான்னு. வருஷக்கணக்கா அந்தக் கூட்டத்துல இவனை எதிர்த்துப் பேசினது யாருன்னே தெரியாம இருந்திருக்கான். இப்ப தெரிஞ்சு போச்சு. அதுக்கு அப்புறம் கீழ இருக்கிற எங்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது.

"ஒரு தோரான் வந்து நின்னாப் போதும், உங்க மெர்வா ஆயிரம் பேரு காலி!"

"நிக்கட்டும். அந்தச் சட்டைக்குள்ள சூடு ஏறினா என்ன பண்ணுவான்?"

"உள்ளேயே தண்ணி ஓடும். சூடே ஏறாது."

"அந்தத் தண்ணியை யாரு கொண்டு வந்து ஊத்துறா? ஐப்பசி மழையில எட்டடி இரும்பு சகதிக்குள்ள இறங்கினா யாரு தூக்கி விடுவா? எங்க ஆளு குழியை வெட்டி, மேல மண்ணைப் போட்டு மூடிட்டு, தள்ளி உக்காந்து டீ குடிப்பான்."

"தோரான் குழியில விழ மாட்டான்!"

"சரி, விழ வேண்டாம். அவனுக்கு வெளிக்கு வந்தா எங்க போவான்? அதைச் சொல்லுங்க முதல்ல."

பொண்ணு பார்க்க வந்த எடத்துல அக்கா! செண்பகவல்லி மதினி கேசரியைக் கரண்டியோட அப்படியே கீழ வச்சுட்டாங்க. எங்க வீட்டுக்காரரு சிரிக்கிறாரு. நான் ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கிட்டாரு.

ரெண்டு பேரும் இறங்கி வரும்போது அவன் மூஞ்சி செவந்து கிடக்கு. காபி ஆறிப் போச்சு, குடிக்கலை. கிளம்பும்போது ஒரு கால்ல செருப்பை மாட்டிட்டான், திடீர்னு கழட்டிட்டு மறுபடி வீட்டுக்குள்ள வந்து, "தோரான் சட்டையில அதுக்கும் ஏற்பாடு இருக்கு"ன்னு இவகிட்டச் சொல்லிட்டுப் போறான். அவ்வளவு கோவம். முடிஞ்சுதுடா சாமின்னு நினைச்சேன்.

மறுநாள் பார்த்தா அவங்க பக்கம் சரின்னு சொல்லி அனுப்புறாங்க. இவகிட்டக் கேட்டா இவளும் சரிங்கிறா. எனக்கு ஒண்ணும் புரியலை. நல்ல குடும்பம், சொந்தமா லேபிள் அடிக்கிற பிரஸ் வச்சிருக்காங்க, அதனால அவங்க பெரிய மனசு பண்ணியிருப்பாங்கன்னு நினைச்சேன்.

இருங்க. எந்திரிச்சுட்டாங்க! உக்காருங்க அக்கா, உக்காருங்க. எலை எடுக்கலைன்னாப் பரவாயில்ல, முதல்ல உக்காந்துருங்க. தம்பி, இந்த எலையை எடுத்துட்டுப் புதுசு போடுப்பா. தண்ணி தெளிச்சுக்கிடுங்க. பார்த்தீங்களா, அந்தச் சாம்பார்க்காரரு இன்னும் ரசத்துக்கே வரலை. நான் சொன்னேன்ல.

எங்க விட்டேன்? ஆங். நிச்சயத்துக்கு நாள் பார்த்தாச்சு. ஆனா சண்டை நிக்கலை. சாயங்காலம் ஆனா இவளுக்குப் போன் வந்துரும். தோரான், மெர்வா, தோரான், மெர்வா. அவன் ஒண்ணு சொல்ல, இவ ஒண்ணு சொல்ல, வீடு முழுக்கக் கேக்கும். சண்டை போட்டு முடிச்சுட்டு வந்து ரெண்டு தோசை கூடுதலாச் சாப்பிடுவா. பாட்டுப் பாடிக்கிட்டே துணி மடிப்பா. கோவத்துல சில பேருக்கு அப்படித்தான், பசி எடுக்கும்.

எனக்குத் தூக்கம் போச்சு அக்கா. ஒரு நாள் உக்கார வச்சுச் சொன்னேன். "இந்தா பாரு இந்துஜா. ஆம்பளை ஜெயிக்கணும்னு நினைப்பான். ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு விட்டுக் குடு. இல்லாத சிப்பாய்க்காக இருக்கிற மாப்பிள்ளையை விட்ராத."

"நான் விட்டுக் குடுத்தா அவனுக்குப் பிடிக்காதும்மா."

"எந்த ஆம்பளைக்குடி பிடிக்காது? உங்க அப்பாவைக் கேளு."

அவரு பேப்பர் படிக்கிற மாதிரி மூஞ்சியை மறைச்சுக்கிட்டாரு.

இவ கேக்கலை. பெத்தவ சும்மா இருக்க முடியுமா? நானே முடிச்சு வைக்கிறதுன்னு முடிவு பண்ணினேன். நம்ம பக்கம் எதுவா இருந்தாலும் தட்டு வச்சுத்தானே பேசுவோம். சம்பந்தம் பேசணுமா, தட்டு. கோவிச்சுக்கிட்டவங்களைச் சமாதானம் பண்ணணுமா, தட்டு. பித்தளைத் தட்டுல வெத்தலை பாக்கு, வாழைப்பழம், தேங்கா, கொஞ்சம் கதம்பம், ஓரத்துல மஞ்சள் குங்குமம் எல்லாம் வச்சேன். எல்லாம் சரி, ஆனா எதுக்கு வந்திருக்கோம்னு தட்டைப் பார்த்தாலே தெரியணும்ல? எங்க மக அலமாரியில சின்னச் சின்னச் சிப்பாய் வச்சிருப்பா. கட்டைவிரல் உசரம். மயிர் மாதிரி ஒரு பிரஷ்ஷை வச்சு அவளே ஒவ்வொண்ணுக்கும் வர்ணம் அடிப்பா. மூக்கு முழியெல்லாம் இருக்கும். அதுல தோள்ல மண்வெட்டி போட்டுக்கிட்டு ஒருத்தன் நிப்பான். எப்பவும் முன்வரிசையில வச்சிருப்பா. அவனை எடுத்து வாழைப்பழத்துக்குப் பக்கத்துல வச்சேன். நிக்க வச்சாத் திமிரு மாதிரி தெரியும்னு படுக்க வச்சேன்.

"ஏன் கோமதி, தட்டுல எதுக்கு அந்தப் பொம்மை?"ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, வண்டியை எடுங்க"ன்னேன்.

இவ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம். நேரா அவங்க வீட்டுக்குப் போயி, செண்பகவல்லி மதினி முன்னாடி, அவன் கையில தட்டைக் குடுத்தேன். "தம்பி, இந்துஜா தோத்துட்டா. உங்க ஆளுதான் பெரியவரு. அவளேதான் சொல்லி அனுப்பினா. இனிமே இந்தப் பேச்சே எடுக்க மாட்டா. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த மண்வெட்டி, கடப்பாரை எல்லாத்தையும் பரண்ல தூக்கிப் போட்டுருவா"ன்னேன்.

அவன் அந்தப் பொம்மையை எடுத்து, ஒட்டியிருந்த குங்குமத்தை ஊதி விட்டான். "அவளேவா சொன்னா?"ன்னான்.

"ஆமா தம்பி. அவ வாயாலேயே சொன்னா."

"சரிங்க அத்தை." அவ்வளவுதான் சொன்னான். மூஞ்சி சுண்டிப் போச்சு. திடீர்னு ஜெயிச்சுட்டா சில பேருக்குப் பேச்சு வராது அக்கா. சந்தோஷத்துல வாயடைச்சுப் போயிட்டான்னு நினைச்சேன். நிம்மதியா வீட்டுக்கு வந்து நல்லாத் தூங்கினேன்.

வடை வைக்கிறான், ரெண்டாக் கேளுங்க. தம்பி, அக்காவுக்கு இன்னொண்ணு வைப்பா. வேண்டாமா? நீங்க ஏன் அக்கா ஒண்ணுமே சாப்பிடலை? உடம்புக்கு முடியலையா?

அதுக்கு அப்புறம் வீடு அமைதியா ஆயிப் போச்சு. போன் வரும், சட்டுனு முடிஞ்சிரும். எனக்கோ ஒரே பெருமை. ஆனா இவ சோர்ந்து சோர்ந்து உக்காந்திருக்கா. "அவனுக்கு என்னமோ ஆயிருச்சும்மா. நான் என்ன சொன்னாலும் சரிங்கிறான். தோரான் ஒரு தகர டப்பான்னு சொன்னேன். அதுக்கும் சரிங்கிறான். காய்ச்சலா அவனுக்கு?" நான் எனக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது பார்த்துட்டா. முன்வரிசையில ஒரு எடம் காலி. "அம்மா, என் ஆளு எங்க?" நான் பெருமையா எல்லாத்தையும் சொன்னேன். உன் வாழ்க்கையை நான் எப்படிக் காப்பாத்தியிருக்கேன் பாருன்னு சொன்னேன். எனக்குத் திட்டு விழும்னு பார்த்தேன். திட்டலை. அப்படியே தரையில உக்காந்தா. போனை எடுத்தா. அவன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"நான் தோத்துட்டேன்னு நானே சொல்லி அனுப்பினேன்னு நீ எப்படி நம்பினே?"

அவன் என்னமோ சொல்றான், எனக்குக் கேக்கலை.

"இத்தனை வருஷம் என்கூடப் பேசியிருக்கே. ஒரு வாழைப்பழத் தட்டை நம்பிட்டே. நம்பிட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, பாவம்னு எனக்கு விட்டுக் குடுத்துப் பேசிக்கிட்டிருந்தியா?"

வச்சுட்டா. கல்யாணம் வேண்டாம்னுட்டா. ஒரு பொம்மைக்காக அக்கா! கட்டைவிரல் உசரப் பொம்மை!

அந்தப் பையன் அதுக்கு அப்புறமும் வந்தான். சும்மா சொல்லக் கூடாது, ரெண்டு தடவை வாசல்ல வந்து நின்னான். இவ ரூம் கதவைத் திறக்கலை. நான்தான் காபி குடுத்தேன். நமக்கும் ஒரு மதிப்பு வேணும்ல அக்கா? தவிச்சுக்கிட்டு நிக்கிறோம்னு அவன் நினைச்சுறக் கூடாது. அதனால, "அமெரிக்காவுல இருந்து ஒரு மாப்பிள்ளை கேட்டு வந்திருக்காங்க தம்பி, அவளுக்கும் பிடிச்ச மாதிரிதான் இருக்கு"ன்னு ஒரு வார்த்தை போட்டு வச்சேன். அமெரிக்காவும் இல்ல, ஆண்டிபட்டியும் இல்ல. அப்படிச் சொன்னா அவன் இன்னும் வேகமா வந்து கேப்பான்னு ஒரு கணக்கு. அவன் அதையும் நம்பிட்டான். காபியைப் பாதியில வச்சுட்டுப் போனவன்தான், அப்புறம் பத்திரிகைதான் வந்துச்சு. எதைச் சொன்னாலும் நம்புற பிள்ளை. இவன்லாம் எப்படிப் பிரஸ் நடத்துறான்னு தெரியலை.

எல்லாம் அந்தச் சிப்பாய்ங்க பண்ணின வேலை. நான் மட்டும் நடுவுல போகலைன்னா இன்னும் என்னென்ன ஆயிருக்குமோ.

நான் யாரையும் யாரோடையும் ஒப்பிட்டுப் பேச மாட்டேன் அக்கா, அது என் பழக்கமே இல்ல. இருந்தாலும் சொல்றேன். இந்தப் பொண்ணை மேடையில பார்த்தேன். நிறம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா எங்க இந்துஜாவுக்கு உசரம் இருக்கு, படிப்பு இருக்கு, சொந்தச் சம்பாத்தியம் இருக்கு. இந்தப் பொண்ணு கழுத்துல செயின் கூட ஒத்த வரிதான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசலை. எங்க மக ஒருத்திக்கு இது மாதிரி நாலு பொண்ணு வந்து நின்னாத்தான் சரியா இருக்கும். என்ன அக்கா, அப்படிப் பார்க்கிறீங்க? நான் பொதுவாச் சொன்னேன்.

அடடே, செண்பகவல்லி மதினி! வாங்க, வாங்க. கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துருச்சு. இப்பத்தான் உங்களைப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டிருந்தேன். ஏன் இப்படி வேர்த்துக் கிடக்கு?

யாரு, இந்துஜாவா? மேடையிலயா? என்ன கேட்டா? "என் ஆளைத் திருப்பிக் குடு"ன்னா? எல்லார் முன்னாடியுமா? ஐயோ, அந்த மண்வெட்டிக்காரனைக் கேக்கத்தான் வேலை இருக்குன்னு சொன்னாளா! அதுக்கு இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா? வீட்டுல எங்கயாவது மூலையில கிடக்கும், நாளைக்குத் தேடி எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க மதினி.

சட்டைப் பையிலயா?

எந்தச் சட்டை? முகூர்த்தத்துக்குப் போட்ட பட்டுச் சட்டையா? தாலி கட்டும்போதும் பையிலதான் வச்சிருந்தானா? எதுக்கு? கல்யாணத்தன்னைக்கு ஒரு பொம்மையைப் பையில வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறான்? சரி, இருந்துச்சுல்ல, எடுத்துக் குடுத்துற வேண்டியதுதானே. குடுக்க மாட்டேங்கிறானா? சரணடைஞ்சவனைத் திருப்பித் தர்ற வழக்கமில்லைங்கிறானா? அவன் சரணடையலை, கடத்திக் கொண்டு போனதுங்கிறாளா? போட்டோக்காரன், வரிசை எல்லாம் அப்படியே நிக்குதா?

சிரிக்கிறாங்களா? ரெண்டு பேருமா? சண்டைன்னு சொன்னீங்க மதினி, இப்பச் சிரிக்கிறாங்கன்னு சொல்றீங்க.

பொண்ணு என்ன பண்றா? சும்மா உக்காந்து மாலையில இருக்கிற பூவைப் பிச்சுக்கிட்டிருக்காளா? பாவம், பசியா இருக்கும்.

நீங்க ஏன் அக்கா எந்திரிக்கிறீங்க? மதினி, நீங்க இந்தக்காவைத் தேடியா வந்தீங்க? சம்பந்தின்னு கூப்பிடுறீங்க?

பெரியம்மாவா? பொண்ணுக்கா?

இவ்வளவு நேரமும் சும்மா கேட்டுக்கிட்டே இருந்தீங்களே அக்கா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தச் செயின் பேச்சை எடுத்திருக்க மாட்டேன்ல. ஒத்த வரியா இருந்தாலும் கெட்டியாத்தான் இருந்துச்சு. இருங்க, நானும் வர்றேன். ரெண்டு நிமிஷத்துல முடிச்சு வச்சிருவேன். ஒரு தட்டு மட்டும் குடுங்க, இந்த வாழைப்பழத்தையும் வெத்தலையையும் வச்சு...

நான் வர வேண்டாமா? ஏன் மதினி? போன தடவை முடிச்சு வச்சதே போதுமா? இது என்ன பேச்சு! நல்லது பண்ணினவளுக்குக் காலம் இல்லை.

சரி, நீங்களே போய்ப் பேசிட்டு வாங்க. பாயாசம் வருது, உங்க எலைக்கும் வாங்கி வைக்கிறேன் அக்கா. இந்தா, கைக்குட்டையைப் போட்டுட்டேன்.

யாரும்மா அது? அங்க உக்காராத. ஆளு வருது.